கழித்தல் குறி

வியாழக்கிழமைகளில் துய்லியோ இறைச்சிக்கடையின்
ஷட்டர் ஏறும் முன்பே நிற்பேன்.
பன்றியின் சிறுகுடல், கழுவியது, மூன்று மீட்டர்,
உப்புநீர் டப்பாவில்.
"இன்றைக்கும் சாசேஜ் இல்லையா?" என்பார்.
"இல்லை. உராய்வு."
நான்கு மாதமாக அதே கேள்வி,
சில்லறை தரும்போது அதே சிரிப்பு.

லிவோர்னோ துறைமுகத்தில் தென்மேற்குக் காற்று
கிரேன்களைக் கட்டிப்போட்டிருந்த குளிர்காலம்.
நாங்கள் ஒரு மாத்திரைக்கு வழி எழுதிக்கொண்டிருந்தோம்.
இருபத்தாறு மில்லிமீட்டர் நீளம், பதினொன்று குறுக்கே,
ஒரு முனையில் கண், கண்ணைச் சுற்றி நாலு விளக்கு.
காலில்லை, துடுப்பில்லை.
போகுமிடம் அதற்குத் தெரியாது.
தள்ளும் தசைக்கும் தெரியாது என்பதுதான்
எங்கள் முதல் அனுமானம்.

குடலை ஒரு குழாய் என்று வைத்துக்கொள்.
வைத்துக்கொண்டோம்.
அலையொன்று பின்னாலிருந்து இறுக்கும் என்று வைத்துக்கொள்.
வைத்துக்கொண்டோம்.
சளியின் வழுவழுப்புக்கு ஓர் எண்.
இழுத்துவிட்டால் உடனே சுருங்காமல்
யோசித்துச் சுருங்கும் சதையின் தயக்கத்துக்கு
இன்னும் இரண்டு.
எல்லாம் மாத்திரையில் நூல் கட்டி
அந்த மூன்று மீட்டருக்குள் இழுத்து இழுத்துப் பெற்றவை.
என் ஸ்வெட்டரிலிருந்து வாடை ஏப்ரல் வரை போகவில்லை.

திரையில் மாத்திரை நகர்ந்தது,
நின்றது, நகர்ந்தது,
பிறகு
பின்னால் போனது.
ஒன்பது சென்டிமீட்டர்.

"கழித்தல் குறி எங்கோ இடம் மாறிவிட்டது"
என்றான் தர்தானோ.
மூன்று வாரம்
சாவி தொலைத்தவன் சட்டைப்பைகளைத் துழாவுவதுபோல்
ஒவ்வொரு சமன்பாடாகத் துழாவினோம்.
இரண்டு பிழை கிடைத்தது. திருத்தினோம்.
பன்னிரண்டு சென்டிமீட்டர் பின்னால் போனது.

அப்போதுதான் இவானோ பெர்த்தெல்லி வந்தார்.
அவர் வரவில்லை, அவருடைய எட்டு மணிநேரம் வந்தது
ஆஸ்பத்திரியிலிருந்து, ஒரு கோப்பாக.
இழுவைப்படகில் எஞ்சின் பார்த்தவர்.
எங்கோ ரத்தம் கசிகிறது. மாடிப்படியில் மூச்சு வாங்குகிறது.
மேலிருந்து விட்ட குழாயும் கீழிருந்து விட்ட குழாயும்
ஒன்றும் காணாமல் திரும்பிவிட்டன.

விநாடிக்கு இரண்டு, ஐம்பத்தேழாயிரம் படம்.
எனக்கு வேண்டியது இடமும் நேரமும் மட்டும்.
ஆனாலும் பார்த்தேன்.
கடலடிப் புல்லாய் அசையும் உறிஞ்சிகள்,
நுரை, பித்தத்தின் மஞ்சள்,
விரதத்துக்குத் தப்பிய ஒரு தக்காளித் தோல்.
இரண்டேகால் மணிக்கு அது கடந்தது.
இருபது நிமிடம் கழித்து
மறுபடி கடந்தது.

"தோலும் நகரும்தானே" என்றான் தர்தானோ.
நகரும். ஆனால் மடிப்பு நகராது,
ஓரத்தில் பல் உடைந்ததுபோல் பிளவுள்ள அந்த மடிப்பு.
முதல் முறை நுரைக்குள் பாதி தெரிந்தது.
இரண்டாம் முறை எதிர்ப்பக்கமிருந்து.
மூன்றாம் முறை, மறுபடி முன்னோக்கி, அவசரமாக.

சாண் ஏறி முழம் சறுக்கியிருந்தது மாத்திரை.
சறுக்கியபோது கண் சற்றே சாய்ந்து,
மடிப்பின் நிழலில்
மிளகளவு சிவப்பு.
நாலு படத்தில் மட்டும்.
முன்னே போன இரண்டு தடவையும் அது இல்லை.

நான் மருத்துவர் இல்லை.
படங்களின் எண்களைத் தாளில் எழுதி
டாக்டர் ஃபியம்மா கஸ்தால்தியிடம் கொடுத்தேன்.
அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

மே மாதம் இவானோ போன் செய்தார்.
இப்போது படி ஏறுகிறாராம்.
கேட்டது ஒன்றே ஒன்று:
"அந்தச் சாமான் வெளியே வந்ததை நான் பார்க்கவில்லை.
உங்களுக்குத் திருப்பித் தர வேண்டுமா?"

வேண்டாம் என்றேன்.

நிரலின் நானூற்றுப் பன்னிரண்டாம் வரிக்கு மேல்
"இங்கே குறியைச் சந்தேகி" என்று
தர்தானோ எழுதிவைத்த குறிப்பு
இன்னும் இருக்கிறது.
இருவருமே அதை அழிக்கவில்லை.